வீட்டுச் சாமான்கள் எத்தனை வருஷம் ஓடும், இன்னும் சில வருஷம் ஓட வைப்பது எப்படி

ஒரு ஃபிரிட்ஜ் எத்தனை வருஷம் வரும் என்று கடைக்காரரிடம் கேட்டால் ஒரு கணக்குச் சொல்வார், மெக்கானிக் அதில் பாதி சொல்வார், ஊரில் இருக்கும் பெரியம்மா "எங்க வீட்டுல இருபது வருஷமா ஓடுதே" என்பார். மூன்று பேர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு வாஷிங் மெஷினில் ஒன்று ஆறு வருஷத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போகும், இன்னொன்று பதிமூன்று வருஷம் துவைக்கும். அந்தந்த வீட்டுத் தண்ணீர், அங்கே வரும் கரண்ட், சாமானை வைத்திருக்கும் இடம், இவற்றைப் பார்த்தாலே ஏன் என்று பெரும்பாலும் புரிந்துவிடும்.

தோராயமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். சீலிங் ஃபேன் 15 முதல் 20 வருஷம், ஃபிரிட்ஜ் 10 முதல் 15, வாஷிங் மெஷினும் ஏசியும் 8 முதல் 12, கிரைண்டர் 10 வருஷத்துக்கு மேல், மிக்ஸி 5 முதல் 10, கீசர் 6 முதல் 10, இன்வெர்ட்டர் பேட்டரி 4 முதல் 6. 2011ல் தமிழ்நாடு அரசு விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேனில் சில இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம், அதனால் இந்த எண்களைக் கெடு தேதி மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பார்த்தவரை சாமான் வயதாகிப் போவது குறைவு. நூறு ரூபாய் பார்ட் ஒன்று தேய்ந்துபோய் சத்தமாகவோ வாடையாகவோ சொட்டுத் தண்ணீராகவோ சொல்லிக்கொண்டே இருக்கும், நாம் "இன்னும் ஓடுதே" என்று விட்டுவிடுவோம், கடைசியில் அது ஐயாயிரம் ரூபாய் பார்ட்டை இழுத்துக்கொண்டு போகும். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தச் சின்ன பார்ட் எது, அது என்ன அறிகுறி காட்டும் என்பதைப் பற்றித்தான்.

முதலில் கரண்ட்

நம் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ட். கொஞ்சம் ஏறி இறங்குவதைச் சாமான்கள் தாங்கும். தாங்காதது நியூட்ரல் கட் ஆவது. தெருவில் வரும் மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் ஒயர் எங்காவது அறுந்தாலோ, ஜாயிண்ட் லூஸானாலோ, சில வீடுகளுக்கு 230க்குப் பதில் 300, 350, சில நேரம் 400 வோல்ட் பக்கம் வரை ஏறிவிடும், பக்கத்து வீட்டில் அதே நேரம் லைட் மங்கலாக எரியும். ஒரே ராத்திரியில் ஒரு தெருவே டிவி, ஃபிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு ஓடினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அறிகுறி தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: சில லைட்டுகள் திடீரென்று கண் கூசும் அளவு பிரகாசமாகும், ஃபேன் தாறுமாறாக வேகமெடுக்கும், அல்லது ஒரு ரூமில் பிரகாசம், இன்னொரு ரூமில் மங்கல் என்று இருக்கும். அந்த நொடியே மெயினை அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. அப்புறம் மின்வாரியத்துக்குச் சொல்லி, லைன்மேன் பார்த்த பிறகுதான் போட வேண்டும்.

நீங்கள் வீட்டில் இல்லாதபோது இது நடந்தால்? அதற்குத்தான் மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் கட் ஆஃப் என்று ஒரு ரிலே போடுவது. வோல்டேஜ் எல்லை தாண்டினால் அதுவே வீட்டைத் துண்டித்து, சீரானதும் சில நிமிஷம் கழித்துச் சேர்த்துவிடும். சிங்கிள் ஃபேஸுக்கும் த்ரீ ஃபேஸுக்கும் தனித்தனி வகை இருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் உங்கள் கனெக்‌ஷன் எது என்று சொல்லிக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாச் சாமானுக்கும் ஒரே காவல் என்பதால் நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான், ஒவ்வொன்றுக்கும் ஸ்டெபிலைசர் வாங்கும் பேச்சு அதற்கு அப்புறம் வரட்டும். எம்.சி.பி. இருக்கிறதே போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது அதிகக் கரண்ட் இழுத்தால், ஷார்ட் ஆனால் விழும், வோல்டேஜ் ஏறினால் விழாது.

இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் ஏசி பெட்டியில் "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று போட்டிருப்பார்கள். கூடவே எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வரை என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். உங்கள் ஊரில் சாயங்காலம் எல்லா மோட்டாரும் ஓடும்போது வோல்டேஜ் அதற்குக் கீழே போகிறது என்றால் ஸ்டெபிலைசர் வேண்டும். பழைய வகை கம்ப்ரெசருக்கு ஸ்டெபிலைசரில் இன்னொரு லாபமும் உண்டு. கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரெசருக்குள் அழுத்தம் சமமாகியிருக்காது, அந்த நிலையில் கிளம்பத் திணறிச் சூடாகும். ஸ்டெபிலைசர் மூன்று நிமிஷம் போலக் காத்திருந்து விடும். அது இல்லாத வீட்டில் கரண்ட் வந்து வந்து போகும் நாளில் நீங்களே ஃபிரிட்ஜை ஐந்து நிமிஷம் அணைத்து வைத்துவிட்டுப் போடலாம்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், ஏசி எதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டாதீர்கள். பிளக் செருகும்போது தொளதொளவென்று இருந்தால், பிளக் பின் பழுப்பேறியிருந்தால், சாக்கெட்டை மாற்றுங்கள். லூஸ் காண்டாக்ட்டில் சூடு ஏறிப் பிளக் உருகுவதோடு நிற்காமல் தீப்பிடிக்கும் வரை போகும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையே பிடுங்கி வையுங்கள், ஸ்விட்சை மட்டும் அணைத்தால் மின்னலுக்கு அது ஒரு தடையே இல்லை. கேபிள் டிவி ஒயர், நெட் ஒயர் வழியாகவும் வரும் என்பதால் அதையும் கழற்ற வேண்டும்.

உப்புத் தண்ணீர்

போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் இறங்கிப்போன பல போர்களில் அந்த 600ஐயும் தாண்டுகிறது. ஆர்.ஓ. விற்க வருகிறவர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், அதில் படிவம் கட்டும் கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்று சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். அதெல்லாம் வேண்டாம் என்றால் பாத்ரூம் குழாய் முனையைப் பாருங்கள். வெள்ளையாகக் கட்டிப்போயிருந்தால் அதே கட்டி மெஷினுக்குள்ளும் இருக்கிறது.

கீசரில் என்ன நடக்கிறது என்றால், தண்ணீர் சூடாகச் சூடாகக் கால்சியம் பிரிந்து, இருப்பதிலேயே சூடான இடத்தில், அதாவது ஹீட்டர் காயில் மேல் படியும். மூன்று வருஷம் சர்வீஸ் பண்ணாத கீசரைக் கீழே இறக்கிக் காயிலை வெளியே எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். விரல் பருமன் கம்பி, அதன் மேல் சொரசொரவென்று மாவு வெள்ளைப் படிவம், தட்டினால் ஓடு ஓடாக உதிரும், டேங்க் அடியில் அதே ஓடு கை கையாக அள்ளும் அளவு கிடக்கும். அந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்குப் போக விடாமல் தடுப்பதால் காயில் உள்ளேயே வெந்து ஒருநாள் வெடித்துவிடும். "முன்னெல்லாம் பத்து நிமிஷத்துல சூடாகும், இப்ப அரை மணி ஆகுது", "உள்ளே கொதிக்கிற சத்தம் வருது" என்றால் அதுதான் நேரம், அப்போதே கழுவிவிட்டால் காயில் பிழைக்கும்.

காயில் மாட்டியிருக்கும் அதே மூடியில் இன்னொரு கம்பி இருக்கும், ஆனோடு ராடு என்பார்கள், மெக்னீசியம். தண்ணீர் டேங்கை அரிப்பதற்குப் பதிலாக முதலில் இதை அரிக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். அது கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்தது டேங்க். டேங்க் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போட முடியாது, கீசர் முடிந்தது. ஆனால் சர்வீஸுக்கு வருகிறவர் பலர் காயிலைத் துடைத்து மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், நாம்தான் "ராடு எவ்வளவு மிச்சம் இருக்கு, காட்டுங்க" என்று கேட்க வேண்டும். விரல் பருமன் இருந்தது பென்சில் அளவு ஆகிவிட்டாலோ, நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். உப்புத் தண்ணீர் வீட்டில் வருஷம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும், நல்ல தண்ணீர் என்றால் இரண்டு வருஷம். தெர்மோஸ்டாட்டை முழுசாகத் திருப்பி வைக்காமல் 50, 55 டிகிரியில் வைத்தால் படிவமும் குறையும், கரண்ட் பில்லும் குறையும். டேங்க் காலியாக இருக்கும்போது மட்டும் ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள், ஊருக்குப் போய்விட்டு வந்தால் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வாஷிங் மெஷினில் தண்ணீரைத் தவிர இன்னும் நாலு விஷயம் இருக்கிறது. ஒன்று சோப்புத்தூள். நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்று நினைத்து அள்ளிப் போடுகிறோம், அந்த மிச்சச் சோப்பும் அழுக்கும் டிரம்முக்கு வெளிப்பக்கம் கஞ்சி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. துவைத்த துணியில் வாடை வந்தால், கறுப்புத் துகள் ஒட்டினால், அங்கிருந்துதான் வருகிறது. டிரம்மைப் பின்னால் தாங்கும் மூன்று கை கொண்ட அலுமினிய பார்ட் அந்த ஈரச் சகதியிலேயே கிடந்து அரித்து, ஒருநாள் ஸ்பின்னில் உடையும். மாதம் ஒருமுறை துணி போடாமல் டிரம் க்ளீன் ஓட்டுங்கள், உப்புத் தண்ணீர் என்றால் படிவத்தைக் கரைக்கும் டீஸ்கேலிங் பவுடர் போட்டு ஓட்டுங்கள். துவைத்து முடித்ததும் கதவைச் சாத்திவிடாமல் திறந்தே வையுங்கள், முன்பக்கக் கதவு வகையில் அந்த ரப்பர் மடிப்புக்குள் விரலை விட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள். கறுப்பாகப் பூஞ்சை பிடித்த ரப்பர் அப்புறம் சுத்தமே ஆகாது.

இரண்டாவது, முன்பக்கக் கதவு மெஷினில் கீழே வலது மூலையில் இருக்கும் சின்னக் கதவு. வாங்கியதிலிருந்து திறக்காத வீடுகள் எத்தனையோ. கீழே ஒரு பழைய துண்டையும் தட்டையும் வைத்து, திருகை மெதுவாகத் திருப்பினால் முதலில் தேங்கிய தண்ணீர் வரும், அப்புறம் ஒரு ரூபாய் நாணயம், ஹேர்பின், சட்டைப் பட்டன், ஊக்கு, ஒரு உருண்டைத் தலைமுடி. இவை தாண்டி உள்ளே போனால் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் அடைத்துப் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் பண்ணித் திருகை இறுக்கி மூடினால் போதும்.

மூன்றாவது, பின்னால் தண்ணீர் ஹோஸ் மாட்டும் இடத்தில் இருக்கும் சின்ன வலை. "தண்ணீர் ஏறவில்லை" என்று மெஷின் கத்தினால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் குழாயை மூடிவிட்டு ஹோஸைக் கழற்றி அந்த வலையைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். ஓவர்ஹெட் டேங்க் சுத்தம் பண்ணிய மறுநாள் இது கட்டாயம் அடைக்கும்.

நாலாவது, ஆட்டம். மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பாருங்கள், சாய்ந்து தெரிந்தால் கால் திருகை ஏற்றி இறக்கிச் சமம் பண்ணுங்கள். ஒரே ஒரு கனமான பெட்ஷீட்டை மட்டும் போட்டு ஸ்பின் ஓட்டினால் அது ஒரு பக்கமாகச் சேர்ந்து டிரம் தடதடவென்று அடிக்கும், பேரிங்கும் ஷாக் அப்சார்பரும் தேயும், கூட நாலு துணி போட்டு ஓட்டுங்கள். புது முன்பக்கக் கதவு மெஷின் என்றால் கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் போட்டிருக்கும் பயண போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பாருங்கள், கழற்றிய போல்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் வீடு மாறும்போது மாட்ட எடுத்து வையுங்கள்.

மிக்ஸி, கிரைண்டர்

மிக்ஸி அடிப்பக்கத்து லேபிளைப் படித்தால் 30 நிமிஷ ரேட்டிங் என்று இருக்கும். விடாமல் அரை மணி ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை, நடுநடுவே நிறுத்தி நிறுத்தி, ஐந்து நிமிஷம் ஓட்டினால் இரண்டு நிமிஷம் ஓய்வு என்கிற கணக்கில். தினமும் சட்னி அரைக்கிற மிக்ஸி பத்து வருஷம் வரும், அதே மிக்ஸியில் வாராவாரம் இட்லி மாவு அரைத்தால் மூன்று வருஷத்தில் மோட்டார் வாடை அடிக்கும்.

ஜாடி சுற்றாமல் மோட்டார் மட்டும் ஓடினால் மிக்ஸி போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மேலே ஜாடி உட்காரும் இடத்தில் இருக்கும் கப்ளர் பல் தேய்ந்திருக்கும். மோட்டார் எரிவதற்கு முன்னால் நான் போகிறேன் என்று உடைவதற்காகவே அதை மட்டமான பொருளில் செய்திருக்கிறார்கள். மாற்றுவது லேசு: பிளக்கைப் பிடுங்கி, மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் நடு ஓட்டை வழியாகத் தெரியும் ஷாஃப்ட் வெட்டில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் குத்தி அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே கப்ளரைத் துணி சுற்றித் திருப்ப வேண்டும். பல மாடல்களில் மரை எதிர்ப்பக்கம் இருக்கும், கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும், பலம் போட்டு வழக்கமான பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தால் இன்னும் இறுகும். பழைய கப்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் அதே அளவு கிடைக்கும். திடீரென்று பாதியில் நின்றுவிட்டால் அடியில் சிவப்பாக ஓவர்லோடு பட்டன் இருக்கும், கொஞ்சம் ஆறவிட்டு அழுத்துங்கள்.

அரைத்து முடித்து ஜாடியைத் தூக்கியதும் கப்ளரைச் சுற்றி ஈரமாக, மசாலா நிறத்தில் ஒரு வளையம் தெரிகிறதா? ஜாடி அடியில் இருக்கும் புஷ்ஷோ வாஷரோ போய்விட்டது. அந்தத் தண்ணீர் நேராக மோட்டாருக்குள் இறங்கும். ஜாடியை அன்றே ரிப்பேருக்குக் கொடுத்துவிடுங்கள், புஷ் போட ஆகும் காசு மோட்டார் வைண்டிங் கட்ட ஆகும் காசில் ஒரு துளி. கொதிக்கக் கொதிக்க வதக்கிய வெங்காயம் தக்காளியை அப்படியே போட்டு அரைப்பதும் அந்த வாஷரைத்தான் கெடுக்கும், மூடியையும் தூக்கியடிக்கும்.

கிரைண்டரைப் பொறுத்தவரை நமக்குப் பக்கத்திலேயே நல்ல ஊர் இருக்கிறது, கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, உதிரிபாகம் தமிழ்நாட்டில் எங்கே போனாலும் கிடைக்கும். அதனால் கிரைண்டரைத் தூக்கிப் போட அவசரப்படவே வேண்டாம். முதலில் தண்ணீர், அப்புறம் ஸ்விட்ச், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அரிசி, இந்த வரிசை மாறக் கூடாது. மொத்த அரிசியையும் கொட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டால் கல் சிக்கி மோட்டார் உறுமும், பெல்ட் வழுக்கிச் சூடாகி இழுபட்டுப்போகும். ரப்பர் வாடை, அல்லது மோட்டார் ஓடியும் டிரம் திணறுவது, இரண்டும் பெல்ட்டுக்கான அறிகுறி. கல் தடதடவென்று ஆடினால் கல்லுக்குள் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கும், அதுவும் தனியாகக் கிடைக்கும். மாவு நைசாக வர முன்னைவிட நேரம் ஆனால் கல் வழவழத்துப் போய்விட்டது, கொத்தித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழுவும்போது டிரம்மை வெளியே எடுத்துக் கழுவுங்கள், மோட்டார் இருக்கும் அடிப்பாகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும், மேலே தண்ணீர் ஊற்றினால் நடு ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்குப் போய்த் துருப்பிடிக்கும்.

ஃபிரிட்ஜ்

பழைய ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கறுப்புக் கம்பி வலை இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கித் தூசி தட்டினால் போதும். புது ஃபிரிட்ஜ்களில் பலவற்றில் அந்தக் குழாய் பக்கவாட்டுச் சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் பக்கவாட்டைத் தொட்டால் சுடுகிறது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சூடு வெளியே போக இடம் வேண்டும். நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் கவர் போடுவோம், இரண்டு பக்கமும் பை வைத்துத் தொங்கும், அதற்குள் கரண்ட் பில், மாத்திரை, கத்தரிக்கோல் எல்லாம் இருக்கும். அந்தக் கவரை எடுத்துவிடுங்கள். சுவரிலிருந்து பக்கத்திலும் பின்னாலும் நாலு விரலாவது இடைவெளி விடுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில், வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரில் வைக்காதீர்கள்.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பாதி உள்ளே பாதி வெளியே வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது, கம்ப்ரெசர் ஓய்வே இல்லாமல் ஓடும். முதலில் சோப்புத் தண்ணீரில் ரப்பரைத் துடைத்துப் பாருங்கள், பிசுக்கு போனாலே பல நேரம் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் ரப்பரை மட்டும் மாற்றலாம்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஐஸ் அரை விரல் கனம் ஏறினால் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துங்கள். தயவுசெய்து கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வைத்துக் குத்தாதீர்கள். அந்தப் பெட்டிச் சுவர் மெல்லிய அலுமினியம், அதற்குள்ளேதான் கேஸ் ஓடுகிறது, ஒரு ஊசி ஓட்டை போதும். இரட்டைக் கதவில் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் கேஸ் போய்விட்டது என்று யாராவது சொல்லலாம், பெரும்பாலும் பின்சுவரில் இருக்கும் வடிகால் ஓட்டை அடைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றி வளைகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் தள்ளிப் பாருங்கள்.

ஃபேன், ஏசி, பேட்டரி

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் நூறு ரூபாய்க்குள் முடியும் கண்டென்சரை மாற்றுங்கள். பழையதன் மேல் 2.5 என்று இருந்தால் 2.5தான் வாங்க வேண்டும், பெரிசு போட்டால் வேகம் கூடும் என்று சிலர் போடுவார்கள், வைண்டிங் சூடாகிப் போய்விடும். கண்டென்சர் மாற்றியும் கரகர சத்தம் இருந்தால் பேரிங்.

ஏசியில் நான் மனசாரச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. வருஷா வருஷம் சித்திரை பிறந்ததும் வந்து "கேஸ் கம்மியா இருக்கு" என்று இரண்டாயிரம் மூவாயிரம் வாங்கிக்கொண்டு போகிறவரிடம், எங்கே கசிகிறது என்று முதலில் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள், ஜாயிண்ட்டில் சோப்பு நுரை வைத்தாவது காட்டச் சொல்லுங்கள். கசிவை விட்டுவிட்டு கேஸ் ஏற்றிக்கொண்டே இருந்தால் குறைந்த கேஸில் கம்ப்ரெசர் சூடாகி அதுவும் போகும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவலாம், பாதி "கூலிங் இல்லை" புகார் அதிலேயே தீரும். வெளி யூனிட்டைச் சுற்றி அடைத்துவைக்காதீர்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று வெளி காயிலைத் தின்றுவிடும், வாங்கும்போதே அரிப்பைத் தாங்கும் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், கோடையில் மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் வேண்டாம், அதில் காயில் தூசியும் உலோகமும் கலந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பாருங்கள், சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் ஊற்றுங்கள், வழிய வழிய ஊற்ற வேண்டாம். முனைகளில் பச்சை பூத்தால் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு வெந்நீரில் துடைத்து வாசலின் தடவுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கேற்றுவது கூடவே கூடாது.

வெள்ளம் புகுந்தால்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ வீடுகளில் ஃபிரிட்ஜும் மெஷினும் மிதந்தன, அதே 2023 கடைசியில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் அதேதான். தண்ணீர் ஏறுவதற்கு முன் மெயினை அணையுங்கள். வடிந்த பிறகு "ஓடுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்ப்பதில்தான் பாதிச் சாமான் செத்துப்போகிறது, நனைந்ததில் அவ்வளவு சாகாது. முதலில் நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, பின்மூடியைக் கழற்றிப் பல நாள் காயவிட்டு, மெக்கானிக்கை வைத்து மோட்டாரையும் போர்டையும் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். வெறும் மோட்டாரும் கண்டென்சரும் இருக்கும் பழைய வகைச் சாமான்கள் பெரும்பாலும் பிழைத்துவிடும், எலக்ட்ரானிக் போர்டு வைத்ததில்தான் சிக்கல்.

ரிப்பேரா, புதுசா

எந்த பார்ட் போயிருக்கிறது என்பதை வைத்து முடிவெடுங்கள். டிரெய்ன் பம்ப், பெல்ட், கண்டென்சர், தெர்மோஸ்டாட், ரப்பர், இவற்றுக்கெல்லாம் சாமானின் வயதைப் பார்க்கவே வேண்டாம், மாற்றுங்கள். கம்ப்ரெசர், டிரம், மெயின் போர்டு, கீசர் டேங்க் என்றால், சாமான் தன் சராசரி வயதில் பாதியைத் தாண்டியிருந்து, ரிப்பேர் செலவும் புதுசின் விலையில் பாதியைத் தொட்டால், புதுசு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் கேட்டு வாங்குங்கள், கொடுக்க மறுக்கிறவரை மறுபடி கூப்பிட வேண்டாம்.

"பத்து வருஷ வாரண்டி" என்று ஒட்டியிருப்பது பெரும்பாலும் கம்ப்ரெசருக்கோ மோட்டாருக்கோ மட்டும். போர்டு, கேஸ், வந்து போகிற கூலி எல்லாம் நம் கணக்கு. வாங்கும் அன்றே போர்டுக்கு எத்தனை வருஷம் என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள், பில் மை அழிந்துபோகும் என்பதால் போனில் போட்டோ எடுத்துவையுங்கள். வாரண்டியில் இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரைட் டு ரிப்பேர் என்று ஒரு இணையதளம் தொடங்கியிருக்கிறது, சில கம்பெனிகளின் சர்வீஸ், உதிரிபாக விவரம் அங்கே இருக்கும்.

வேலை முடிந்த சாமானைத் தெருவில் வருகிற பழைய சாமான்காரரிடம் கொடுத்தால் ஃபிரிட்ஜ் குழாயை அங்கேயே வெட்டிக் கேஸைக் காற்றில் விட்டுவிடுவார், புது மாடல்களில் பலவற்றில் இருப்பது எளிதில் தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன். எக்ஸ்சேஞ்சில் கடையிலேயே கொடுங்கள், அல்லது பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். பேட்டரியைப் புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்கள், உள்ளே இருக்கும் ஈயத்துக்கு எடை போட்டுப் பில்லில் கழித்துக்கொடுப்பார்கள், எவ்வளவு கழிக்கிறார்கள் என்று இரண்டு கடையில் கேட்டுவிட்டுப் போங்கள்.